ஒன்றரை சதவீதத்தின் தூதர்

தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் தூதர். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, தன்னுடைய நல்ல காலத்தில், தன் பொருளையே விடாமல் வாங்கிக்கொண்டிருந்த நூறு பேரைப் பொறுக்கி ஆளுக்கொரு ‘நல்லெண்ணத் தூதர்’ சான்றிதழும் ஒரு பனியனும் அனுப்பிவைத்தது. பனியன் இரண்டே சலவையில் சுருங்கிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டார். பட்டம் மட்டும் சுருங்கவில்லை. அதை அவரேதான் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லித் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டார். பிறகு அந்த நாலு பேரும் கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தபோது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கம்பெனியும் சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் முதல் மெஷின் வாங்கிய வருஷம் சந்தையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு அவர்களுடையது. பிறகு ஏழு, பிறகு நாலு. போன வருஷம் ஒன்றரை. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் கலங்கியிருப்பார்கள். தூதருக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை. “நல்ல பொருளை வாங்க எல்லாருக்கும் விவரம் பத்தாதுப்பா” என்பார். அந்தக் கணக்குப்படி பங்கு பூஜ்யத்தைத் தொடும் நாளில் கம்பெனி உலகத்திலேயே உசத்தியாகிவிடுமே என்று யாரோ கேன்டீனில் கேட்டபோது, அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். தன்னை நினைத்துத் தானே சிரித்துக்கொள்ள அவரிடம் நிறைய விஷயங்கள் உண்டு. அந்த ஒரு நிமிஷத்துக்கு அதில் முதல் வரிசையில் இடம்.

வாடிக்கையாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்கு அவர்தான் செயலாளர். ஒரு காலத்தில் நூற்றிருபது பேர் நாற்காலி பத்தாமல் நின்ற சங்கம், இப்போது ஒரு ஹோட்டலின் மூலை மேஜையில் அடங்கிவிட்டது. அவர், ஒரு பல் டாக்டர், ஒரு நூலகர், இவர்களோடு இன்னொருவர். அந்த இன்னொருவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார்; அதைச் சொல்ல மனசு வராமல் மாசாமாசம் வந்து டீ குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நாலு பேரும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கம்பெனியைத் திட்டித் தீர்ப்பார்கள். பேட்டரி நிற்கவில்லை, ஸ்பீக்கர் இருமுகிறது, போன் பண்ணினால் எடுக்க ஆள் இல்லை. ஒருநாள் பில் கொண்டுவந்த பரிமாறுபவர், “அப்ப வேற வாங்கிட வேண்டியதுதானே சார்?” என்று கேட்டுவிட்டார், பாவம். நாலு பேரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் காய்ச்சிய காய்ச்சலில் மனிதர் மீதிச் சில்லறையைக் கொடுக்காமலே ஓடிவிட்டார்.

இந்தத் தூதரின் பேச்சை நம்பித்தான் அலுவலகமும் முப்பத்திரண்டு மெஷின்கள் வாங்கியிருந்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால் அவற்றில் ஒன்றில் ‘ழ’ வருவது நின்றுபோனது. எத்தனை அழுத்தினாலும் பட்டன் உள்ளே போகும், வெளியே வரும், திரையில் ஒன்றும் வராது. அடுத்த வாரம் இரண்டாவது மெஷின். ஒரே மாதத்தில் முப்பத்திரண்டிலும் ‘ழ’ போய்விட்டது. கம்பெனி எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை.

தூதர் புகார் எழுத உட்கார்ந்தார். அதில்தான் முதல் சங்கடம். வராத எழுத்தை எழுதிக் காட்டினால்தானே வரவில்லை என்று சொல்ல முடியும்? ‘நாக்கை மடித்துச் சொல்லும் ள வரவில்லை’ என்று எழுதி அனுப்பினார். ‘உங்கள் கடிதத்தில் ள நான்கு இடங்களில் நன்றாகவே தெரிகிறது. வாழ்த்துகள்’ என்று பதில் வந்தது. அந்த வாழ்த்துகளில் ‘ழ’ முத்துமுத்தாக இருந்தது. அதை அவர்கள் எந்தக் கம்பெனி மெஷினில் அடித்தார்கள் என்ற சந்தேகம் தூதருக்கு வரவில்லை. அவர் மனைவிக்கு உடனே வந்தது.

விட்டாரா? பத்திரிகையிலிருந்து ஒரு பெரிய ‘ழ’வை வெட்டித் தாளில் ஒட்டி, ஆளைக் கடத்தியவன் அனுப்பும் கடிதம் மாதிரி ஒன்றைத் தயார் செய்து தபாலில் போட்டார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். தற்போதைக்கு அந்த எழுத்தின் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

வேறொருவர் அந்தத் தாளைக் கசக்கி எறிந்திருப்பார். தூதர் அதை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் அவருடைய வேலை பொதுமக்களுக்கான அறிவிப்புகளை எழுதுவது. அன்றிலிருந்து அவருடைய அறிவிப்புகளில் மழை பெய்யவில்லை, மாரிதான் பெய்தது. குழாய் எல்லாம் நீர்ப்பாதை ஆனது. பழுது, கோளாறு ஆனது. கிழமைகளின் வாலை அறுத்து வெறும் செவ்வாய், வெறும் வியாழன் என்று எழுதப் பார்த்து, வியாழனிலேயே ஒரு ‘ழ’ இருப்பதைக் கண்டு, ‘புதனுக்கு மறுநாள்’ என்று எழுதினார். கழிவுநீர் ‘வேண்டாத நீர்’ ஆனது. ‘யாருங்க உங்க ஆபீஸ்ல இந்தப் புலவர்?’ என்று ஒருவர் போனில் கேட்டபோது தூதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல கம்ப்யூட்டர் மனிதனைப் பண்படுத்தும் என்று சங்கத்தில் போய்ச் சொன்னார். பல் டாக்டர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: “இதுல வாழ்கன்னும் அடிக்க முடியாது, ஒழிகன்னும் அடிக்க முடியாது. அப்ப கம்பெனியைப் பத்தி நாம என்னதான் எழுதறது?”

டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு பெண்மணி இருந்தார். அலுவலகம் மொத்தத்துக்கும் அவர் டெஸ்பாட்ச் அக்கா. அவர் தன் வீட்டில் சும்மா கிடந்த வேறு கம்பெனி கீபோர்டு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். “இதைச் செருகினா ழ வருதுங்க. கவுன்ட்டர்ல உங்க வீட்டம்மாவுக்குக் குடுங்களேன், பாவம் அது.” தூதருக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு கம்பெனி சரக்கைச் செருகினால் வாரண்டி போய்விடும் என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் மனைவிக்கு வேலை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், புகார் கவுன்ட்டரில். மாரி, நீர்ப்பாதை என்றெல்லாம் அவளால் எழுத முடியாது. மக்கள் சொல்வதைச் சொன்னபடி பதிய வேண்டும் என்பது விதி. மக்கள் சொல்வது குழாய் ஒழுகுகிறது, குழாய் பழுது, ஏழாவது தெருவில் பழைய குழாய். பழைய புகார்களிலிருந்து நகலெடுத்து, ஒரு ஃபைலில் வரிசையாகப் பத்து ‘ழ’வைப் போட்டுத் திறந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அங்கே போய் ஒன்றை எடுத்து, இங்கே வந்து ஒட்டுவாள்.

திங்கட்கிழமை காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: “மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். கடலோரக் கிளைக்கு.”

“எதுக்கு?”

“அங்க வேற கம்பெனி கம்ப்யூட்டராம்.”

தூதர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கடலோரக் கிளை ரயிலில் மூன்று மணி நேரம். சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“வாரத்துக்கு ஒரு தடவை வருவேன்” என்றாள். “மணிக்கட்டு விண்விண்ணுன்னு தெறிக்குதுங்க. ஒரு நாளைக்கு இருநூறு குழாய். ஒவ்வொண்ணுக்கும் அந்த ஃபைலுக்குப் போய்ட்டு வரணும்.”

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. அடுத்த மாடல்ல நாம அதைச் சரி பண்ணிடுவோம்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நாமன்னா யாருங்க?”

“இல்ல... கம்பெனி...”

“கம்பெனின்னா அவங்க. நாமன்னா நீங்களும் நானும். பதினாறு வருஷமா எனக்கு அப்படித்தான் தெரியும். உங்களுக்கு எப்ப மாறிச்சு?”

அவர் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார்.

“வியாழக்கிழமை கமிட்டி கூடுது” என்றாள். “மெஷினை மாத்தலாமா வேணாமான்னு உங்ககிட்டதான் எழுதிக் கேட்டிருக்காங்க. அன்னைக்கே மேனேஜர் மேடம் என் மனுவுலயும் கையெழுத்துப் போடுவாங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்துட்டு நான் போறதா இருக்கறதான்னு முடிவு பண்றேன்.”

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு மனிதன் இரண்டு நாள் யோசிப்பான் என்றால் அவனை என்ன சொல்வது? தூதர் யோசித்தார். பதினோரு வருஷமாகத் தொண்டை வறள வக்காலத்து வாங்கியது அவர். இப்போது தப்பு என்று சொன்னால் கேன்டீனில் தலை காட்ட முடியுமா? அந்த அலுவலகத்தில் அவரிடம் யாராவது எதையாவது கேட்டு வந்தார்கள் என்றால் அது கம்ப்யூட்டர் விஷயமாகத்தான். அதுவும் போனால் அவர் வெறும் அறிவிப்பு எழுதுகிற ஆள். இந்த வெட்டி வீறாப்புக்காகப் பெண்டாட்டியை ரயிலேற்றுவதா என்று மனசு கேட்டது. கேட்ட மனசை அடக்கிவிட்டு மறுபடியும் யோசித்தார்.

புதன்கிழமை மத்தியானம் ஏதோ ஒரு தாளை வாங்கக் கீழே போனவர், கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுவிட்டார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையை ஓங்கி மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். “குழாய்னு ஒரு வார்த்தை எழுத இவ்வளவு நேரமா? பள்ளிக்கூடம் போனீங்களா இல்லையா?” அவள் அந்த ஃபைலுக்குப் போனாள். ‘ழ’வை எடுத்து வந்து ஒட்டினாள். பிறகு வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு, “தெரு பேர் சொல்லுங்க சார்” என்றாள்.

தூதர் வாங்க வந்த தாளை வாங்காமலே மாடிக்கு ஏறினார். உட்கார்ந்த சூட்டில் கமிட்டிக்கு ஒரு கடிதம் அடித்தார். மாற்று வார்த்தை தேடப் பொறுமை இல்லை. ‘ழ’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘ள’வைப் போட்டு ஒரே மூச்சில் அடித்து முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கமிட்டியின் ஃபோல்டரில் ‘முதல் கடிதம்’ என்று சேமித்தார்.

அப்புறம் ஒரு டீ குடித்தார். அந்த டீதான் கெடுத்தது. சூடு ஆறியதும் கேன்டீன் சிரிப்பு காதில் கேட்டது. சப்பைக்கட்டாக இன்னொரு கடிதம் எழுதினார். மிகப் பதவிசான கடிதம், ஒரு ‘ழ’ தேவைப்படாத கடிதம், ‘சிறிய குறைகள் எதிலும் உண்டு, இன்னும் ஓராண்டு பொறுக்கலாம்’ என்ற கடிதம். அதை ‘இரண்டாம் கடிதம்’ என்று சேமித்தார். முதலாவதைக் காலையில் வந்து எடுத்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனார்.

காலையில் எங்கே வந்தார்? எட்டு மணிக்கே சந்தைக்குப் பக்கத்தில் பிரதான குழாய் வெடித்து, அவரை நேரே அங்கே வரச்சொல்லிவிட்டார்கள். முழங்கால் வரை சேற்றில் நின்று, வேனின் முன்சீட்டில் அதே கம்பெனி லேப்டாப்பை வைத்து அறிவிப்பை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு முதல் கடிதம் ஞாபகம் வந்தது. பதினொரு மணிக்கு டெஸ்பாட்ச் அக்கா ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் பிரிண்ட் எடுத்துக் கமிட்டி முன்னால் வைத்துவிடுவார். போன் பண்ணினார், தண்ணீர் வராத ஜனங்கள் எல்லா லைனையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கைபேசி வேலை நேரத்தில் பைக்குள் தூங்கும். கடைசியில் அவசரம் அவசரமாக அக்காவின் கம்ப்யூட்டருக்கு ஒரு அலுவலகச் செய்தி அடித்தார்: ‘அக்கா, கூட்டத்துக்கு முன் என் முதல் கடிதத்தை அளித்துவிடவும்.’

அழித்துவிடவும் என்பதைத்தான் அப்படி அடித்தார். அவசரத்துக்கு ‘ள’ போடுவது அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். எட்டு மாதமாக ஊரில் உள்ள ஒவ்வொரு ‘ழ’வுக்கும் மாற்றுச் சொல் கண்டுபிடித்த மகாபுலவருக்கு ‘நீக்கிவிடவும்’ என்ற வார்த்தை அந்த நேரம் பார்த்து வரவில்லை. அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

பதினொன்றரைக்குச் சேற்றுக் காலோடு கூட்ட அறைக்குள் நுழைந்தார். மேலாளரான மேடம், கணக்கர், ஒரு பொறியாளர், குறிப்பெடுக்க டெஸ்பாட்ச் அக்கா. கவுன்ட்டர் சார்பில் வந்திருந்த மனைவி ஓரத்து நாற்காலியில் இருந்தாள். தூதர் எல்லோரையும் பார்த்து ஒரு பெரிய மனுஷச் சிரிப்பு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார்.

“‘பிளை என்னுடையது’... பிழை என்னுடையதுன்னு எடுத்துக்கறேன்.”

தூதர் முகத்தில் ஈயாடவில்லை. மேடம் நிதானமாகப் படித்துக்கொண்டே போனார்.

“‘இந்த முப்பத்திரண்டு மெஷினையும் உங்கள் தலையில் கட்டியவன் நான். இதில் ஒரு எளுத்து வேலை செய்யவில்லை. அதை மறைக்க எட்டு மாதமாக நான் என் மொளியையே மாற்றிக்கொண்டேன். கம்பெனி எனக்கு ஒரு பனியன் தந்தது. அது சலவையில் சுருங்கவில்லை, வந்ததே சின்ன சைஸ். டெஸ்பாட்ச் அக்கா கொண்டுவந்த கீபோர்டை வாரண்டி போய்விடும் என்று சொல்லித் தடுத்தேன். வாரண்டி போன வருஷமே முடிந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். இன்று கவுன்ட்டரில் என் மனைவியின் கையைப் பார்த்தேன். அந்தக் கைக்கு அந்த வலியைக் கொடுத்தவன் நான். அவள் போய்விட்டால் என்னால் வாள முடியாது. எல்லா மெஷினையும் மாற்றுங்கள். இனிமேல் என் பேச்சைக் கேட்காதீர்கள்.’”

“வாள முடியாதா?” என்றார் கணக்கர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“வாழ” என்றார் மேடம். கண்ணாடிக்கு மேலாகத் தூதரைப் பார்த்தார். “இது நீங்க எழுதினதுதானே?”

இது தவறி வந்துவிட்டது மேடம், இரண்டாம் கடிதம்தான் நிஜம் என்று சொல்லலாம். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார். ஓரத்து நாற்காலியில் மனைவி தலையைக் குனிந்து தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது...”

“அது?”

“அது சரிதான் மேடம்.”

“இன்னொரு கடிதமும் ஃபோல்டர்ல இருக்குங்க மேடம்” என்றார் டெஸ்பாட்ச் அக்கா. “ஆனா அதை அளிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல.” அப்போதுதான் தூதருக்கு நடந்தது என்னவென்று புரிந்தது. கமிட்டி ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்தது. முப்பத்திரண்டும் மாற்றப்படும், அதுவரை கவுன்ட்டருக்கு டெஸ்பாட்ச் அக்காவின் கீபோர்டு. மத்தியானம் கேன்டீனில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தூதருக்குப் பாராட்டு கசந்தது.

சாயங்காலம் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், “மனுவைத் திரும்ப வாங்கிட்டேன்” என்றாள்.

அவருக்கு ரோட்டிலேயே குதிக்கவேண்டும் போல இருந்தது.

“உங்களுக்கு இவ்வளவு தைரியம் இருக்கும்னு மேடம் நினைக்கவே இல்லையாம்” என்றாள் அவள்.

வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் போதும். நல்ல புருஷன் என்ற பெயரோடு செத்திருக்கலாம். நிறுத்தத்தின் நிழலுக்கு வந்து நின்றதும் அவரால் முடியவில்லை.

“ஒண்ணு சொல்லணும்மா. கோச்சுக்காதே. அந்தக் கடிதத்தை நான் அளிக்கச் சொல்லல. அழிக்கச் சொன்னேன்.” வாயால் சொல்லும்போது ‘ழ’ பிசிறில்லாமல் வந்தது. “ள விழுந்து அப்படி ஆயிடுச்சு. நான் தைரியசாலியெல்லாம் இல்ல. பயந்தாங்கொள்ளி. ஒரு டீக்குள்ள மனசு மாறினவன்.”

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அக்கா காலையில பிரிண்ட்டைத் தூக்கிட்டு கவுன்ட்டருக்கு ஓடி வந்தாங்க. ‘ஏம்மா, உன் வீட்டுக்காரர் இதை அளிக்கச் சொல்றாரா அழிக்கச் சொல்றாரா, ஒண்ணும் புரியலயே’ன்னு கேட்டாங்க. அழிக்கத்தான் சொல்றீங்கன்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. எட்டு மாசமா ழ இல்லாத எழுத்தைப் படிக்கிறவளுக்கு இது தெரியாதா?”

“அப்புறம்?”

“நின்னுகிட்டே முழுசா படிச்சேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் கத்திகிட்டு இருந்தாங்க. இருக்கட்டும்னு இன்னொரு தடவை படிச்சேன். நேரா மேடம் ரூமுக்குப் போய் மனுவை வாங்கிட்டு வந்தேன். வந்து அக்காகிட்ட, அதுல என்ன எழுதியிருக்கோ அப்படியே செஞ்சுடுங்கன்னேன்.”

தூதர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “அளிக்கச் சொன்னியா?”

“நீங்கதானே சொல்லியிருந்தீங்க” என்றாள் மனைவி. “நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலைங்க.”